ஐக்கிய இராச்சியமும் அதன் நான்கு நாடுகளும்

ஐக்கிய இராச்சியம் ஐரோப்பாவின் வடமேற்கில் அமைந்துள்ள ஒரு தீவு அரசு. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என்னும் நான்கு நாடுகள் இதில் அடங்கும். ஐக்கிய நாடுகள் சபையில் இந்நான்குக்கும் சேர்த்து ஒரே இருக்கைதான். கடவுச்சீட்டும் படையும் வெளியுறவுத் துறையும் பொது. ஆனால் உலகக் கோப்பைக் கால்பந்தில் நான்கும் தனித்தனி அணிகளாகத் தனித்தனிக் கொடிகளுடன் ஆடுகின்றன.

தமிழ்ப் பேச்சு வழக்கிலும், பல வேளைகளில் நாளிதழ்களிலும், இந்த அரசு முழுவதும் 'இங்கிலாந்து' என்றே குறிக்கப்படுகிறது. இங்கிலாந்து இதன் மிகப் பெரிய பகுதி. முழு அரசும் அதுவே ஆகாது. நான்கு நாடுகளும் ஒரே காலத்தில் ஒரே முறையில் சேர்ந்தவையும் அல்ல. வேல்ஸ் போரில் வெல்லப்பட்டுச் சேர்க்கப்பட்டது. ஸ்காட்லாந்து ஒப்பந்தம் செய்துகொண்டு சேர்ந்தது. அயர்லாந்து முழுவதும் சேர்க்கப்பட்டு, பிறகு பெரும்பகுதி பிரிந்து போக, வடகிழக்கு மூலை மட்டும் தங்கியது. அவை இன்று பெற்றுள்ள உரிமைகளையும், 'விரும்பினால் விலகலாமா' என்ற கேள்விக்கு ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் விடையையும் புரிந்துகொள்ள, அவை சேர்ந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வது அவசியம்.

பெயர்கள்

பெரிய பிரித்தானியா என்பது முதலில் ஒரு தீவின் பெயர். ஏறத்தாழ 2,09,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அத்தீவில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்றும் உள்ளன. அதற்கு மேற்கே உள்ள தீவு அயர்லாந்து. அதன் பெரும்பகுதி அயர்லாந்துக் குடியரசு என்னும் தனி அரசு; வடகிழக்குப் பகுதி வட அயர்லாந்து. ஆகவே அரசின் முழுப்பெயர் 'பெரிய பிரித்தானியா மற்றும் வட அயர்லாந்து ஐக்கிய இராச்சியம்' என்பதாகும். இதைச் சுருக்கி 'பிரிட்டன்' என்பது உலக வழக்கு. மான் தீவு, ஜெர்சி, குயெர்ன்சி ஆகியவை மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டவை என்றாலும் ஐக்கிய இராச்சியத்தின் பகுதிகள் அல்ல.

விளையாட்டுகள் இந்தக் குழப்பத்தைக் கூட்டுகின்றன. ஒலிம்பிக்கில் 'பெரிய பிரித்தானியா' என்ற பெயரில் ஒரே அணி. கிரிக்கெட்டில் 'இங்கிலாந்து' என்று ஆடும் அணி உண்மையில் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொதுவான அணி. ரக்பியில் அயர்லாந்து அணி எல்லைக்கு இருபுறமும் உள்ளவர்களைக் கொண்டது.

அரசுக்குள் நாடு எப்படி இருக்க முடியும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. தமிழருக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. தமிழில் 'நாடு' என்னும் சொல் இறையாண்மை உள்ள அரசை மட்டும் குறித்ததில்லை. கொங்கு நாடு, தொண்டை நாடு என்று வட்டாரங்களைச் சொல்கிறோம். சோழர் ஆட்சியில் பல ஊர்கள் சேர்ந்த பிரிவுக்கு நாடு என்று பெயர். 1969இல் சென்னை மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் மாற்றம் பெற்றபோதும் அச்சொல் இறையாண்மையைச் சுட்டவில்லை. தனக்கென ஒரு பெயரும் நிலமும் வரலாறும் கொண்ட மக்களின் இடம் என்ற அந்தப் பழைய பொருளில் எடுத்துக்கொண்டால் ஸ்காட்லாந்தும் வேல்ஸும் நாடுகளே.

வேல்ஸ்

ரோமானியர் வெளியேறிய பின் ஆங்கிள், சாக்சன் முதலிய ஜெர்மானிய இனத்தார் தீவின் கிழக்கிலும் தெற்கிலும் குடியேறினர். இங்கிலாந்து என்ற பெயர் ஆங்கிளர் பெயரிலிருந்து வந்தது. அவர்களின் சிற்றரசுகள் மெல்ல இணைந்து, 10ஆம் நூற்றாண்டில் ஏதெல்ஸ்டன் காலத்தில் ஒரே அரசாயின. அவர்களுக்கு முன்பே அங்கு வாழ்ந்த பிரித்தானியரின் வழிவந்தவர்கள் மேற்கு மலைப்பகுதியில் தங்கள் மொழியோடு நிலைத்தனர். வந்தேறிய ஜெர்மானியர் அவர்களை 'அயலார்' என்னும் பொருள்படும் சொல்லால் அழைத்தனர். அதுவே 'வேல்ஸ்' ஆயிற்று. அம்மக்கள் தங்கள் நாட்டைக் 'கம்ரி' என்கிறார்கள். அதன் பொருள் 'ஒரே நிலத்து மக்கள்'. ஊருக்குச் சொந்தக்காரர்களுக்கு வந்தவர்கள் 'அயலார்' என்று பெயர் வைத்ததும், அந்தப் பெயரே உலகில் நிலைத்ததும் வரலாற்றின் விந்தைகளில் ஒன்று.

1282இல் வேல்ஸின் கடைசிச் சுதேச ஆட்சியாளரான லுவெலின், இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் படையோடு நடந்த போரில் கொல்லப்பட்டார். எட்வர்ட் தம் மகனுக்கு 1301இல் 'வேல்ஸ் இளவரசர்' என்ற பட்டத்தை வழங்கினார். பட்டத்து இளவரசருக்கு அப்பட்டம் இன்றும் வழங்கப்படுகிறது. எட்டாம் ஹென்றி காலத்தில் 1536, 1543 ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தின் சட்ட அமைப்புக்குள் முழுமையாகக் கொண்டுவந்தன. நீதிமன்றங்களின் மொழி ஆங்கிலம் என்றும், வேல்ஸ் மொழி மட்டுமே அறிந்தவர் அரசுப் பதவி வகிக்க முடியாது என்றும் விதிக்கப்பட்டது. 1746இல் வந்த ஒரு சட்டம், சட்டங்களில் 'இங்கிலாந்து' என்று எழுதியிருந்தால் அது வேல்ஸையும் குறிக்கும் என்றே கூறியது. பிரித்தானியக் கொடியில் வேல்ஸுக்கு என ஒரு கோடுகூட இல்லாததற்கும் இதுவே காரணம். 1606இல் முதல் பொதுக்கொடி வரையப்பட்டபோது வேல்ஸ் இங்கிலாந்துக்குள் அடங்கியதாகக் கருதப்பட்டது.

மொழிதான் வேல்ஸைக் காப்பாற்றியது எனலாம். 1588இல் வில்லியம் மார்கன் விவிலியத்தை வேல்ஸ் மொழியில் முழுமையாக வெளியிட்டார். அரசு அலுவலகத்தில் இடமிழந்த மொழி தேவாலயத்தில் இடம் பெற்றது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 5,38,000 பேர், அதாவது வேல்ஸில் வாழ்வோரில் 17.8 விழுக்காட்டினர், அம்மொழியைப் பேசத் தெரிந்தவர்களாகப் பதிவாகியுள்ளனர்.

வேல்ஸ் தன் குரலின் அளவை உணர்ந்த நிகழ்ச்சி 20ஆம் நூற்றாண்டின் நடுவில் நடந்தது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரின் தண்ணீர்த் தேவைக்காக வேல்ஸின் டிரைவரின் பள்ளத்தாக்கில் அணை கட்ட 1957இல் லண்டன் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. வேல்ஸ் உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. ஆயினும் அவையில் அவர்கள் சிறுபான்மையினர், சட்டம் நிறைவேறிவிட்டது. வேல்ஸ் மொழி பேசும் கேபல் கெலின் என்ற சிற்றூர், பள்ளிக்கூடம், தேவாலயம், கல்லறைத் தோட்டம் எல்லாவற்றோடும் 1965இல் நீரில் மூழ்கியது. வேல்ஸ் தேசிய இயக்கம் வலுப்பெற இந்த அணை ஒரு முக்கியக் காரணமாயிற்று.

ஸ்காட்லாந்து

ஸ்காட்லாந்தின் கதை வேறு. ரோமானியர் அதை முழுமையாக வென்றதில்லை. கி.பி. 122இல் ஹேட்ரியன் மதில் கட்டத் தொடங்கியது வடபுலத்தாரைத் தடுக்கத்தான். (இம்மதிலே இன்றைய எல்லை என்று பலர் நினைக்கின்றனர். மதில் முழுவதும் இன்று இங்கிலாந்துக்குள்ளேயே இருக்கிறது.) முதலாம் எட்வர்ட் வேல்ஸைப் போலவே ஸ்காட்லாந்தையும் வெல்ல முயன்றார். அரசர்கள் முடிசூடப் பயன்பட்ட கல்லை 1296இல் லண்டனுக்கு எடுத்துச் சென்றார். அந்தக் கல் 700 ஆண்டுகள் கழித்து 1996இல்தான் ஸ்காட்லாந்துக்குத் திரும்பியது. ஆனால் நாட்டை அவரால் தக்கவைக்க முடியவில்லை. 1314இல் பானக்பர்ன் போரில் ராபர்ட் புரூஸ் ஆங்கிலப் படையை முறியடித்தார். 1328இல் இங்கிலாந்து ஸ்காட்லாந்தின் விடுதலையை ஒப்புக்கொண்டது.

1603இல் முதலாம் எலிசபெத் வாரிசின்றி இறந்தபோது, உறவு முறையில் ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் மன்னரானார். இங்கிலாந்தில் அவர் முதலாம் ஜேம்ஸ். இதைப் பலர் இணைப்பு என்று எழுதிவிடுகின்றனர். மன்னர் ஒருவராயினும் நாடாளுமன்றம், சட்டம், திருச்சபை, கருவூலம் அனைத்தும் தனித்தனியே இருந்தன. இந்த நிலை மேலும் நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

உண்மையான இணைப்பு 1707இல் நிகழ்ந்தது. அதன் பின்னணியில் பணமும் அச்சமும் இருந்தன. ஸ்காட்லாந்து வணிகர்கள் பனாமாவின் டேரியன் பகுதியில் ஒரு குடியேற்றம் அமைக்க 1698இல் கப்பல்களை அனுப்பினர். நாட்டின் சேமிப்பில் பெரும் பங்கு அதில் முடங்கியது. நோயும் பட்டினியும் ஸ்பானியரின் எதிர்ப்பும் சேர்ந்து இரண்டே ஆண்டுகளில் அதை அழித்தன. மறுபுறம், இங்கிலாந்துக்கு அரியணை பற்றிய கவலை இருந்தது. அரசி ஆனுக்குக் குழந்தைகள் உயிரோடு இல்லை. ஸ்காட்லாந்து வேறொருவரைத் தேர்ந்தெடுத்தால் வடக்கு எல்லையில் பகையரசு உருவாகும். இங்கிலாந்து வணிகத் தடையைக் காட்டி அச்சுறுத்தியது. பிறகு பேச்சுக்கு அழைத்தது.

ஒப்பந்தப்படி 1707 மே 1 அன்று இங்கிலாந்து அரசும் ஸ்காட்லாந்து அரசும் மறைந்து, பெரிய பிரித்தானியா என்னும் புதிய அரசு பிறந்தது. இங்கிலாந்தின் கடனில் பங்கேற்பதற்கு ஈடாக ஸ்காட்லாந்துக்கு 3,98,085 பவுண்டு 10 ஷில்லிங் வழங்கப்பட்டது. டேரியனில் பணம் இழந்தவர்களுக்கு அதிலிருந்து ஈடு கொடுக்கப்பட்டது. எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் மக்கள் தெருவில் இறங்கி எதிர்த்தனர். பொதுமக்களைக் கேட்காமல் மேல்தட்டினர் செய்த பேரம் என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. புதிய மக்களவையில் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 513 இடங்கள், ஸ்காட்லாந்துக்கு 45.

ஆனால் பேரம் பேசி நுழைந்ததால் ஸ்காட்லாந்து சிலவற்றைக் காத்துக்கொண்டது. அதன் சட்டமுறை, நீதிமன்றங்கள், பிரஸ்பிட்டேரியன் திருச்சபை ஆகியவை ஒப்பந்தத்தின் மூலம் உறுதிசெய்யப்பட்டன. கல்வி முறையும் தனியாகவே தொடர்ந்தது. அங்கே குற்ற வழக்கில் 15 பேர் கொண்ட நடுவர் குழு அமர்வது வழக்கம். இங்கிலாந்தில் 12 பேர். ஸ்காட்லாந்து வங்கிகள் இன்றும் தங்கள் பெயரில் பணத்தாள் வெளியிடுகின்றன. வேல்ஸ் 1536இல் இழந்தவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

சென்னையில் காணும் சான்று

இந்த வேறுபாட்டின் சுவடு சென்னை நகரத்திலேயே உண்டு. 1600இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உரிமைப் பட்டயம் கொடுத்தவர் இங்கிலாந்து அரசி. அப்போது 'பிரிட்டன்' என்னும் அரசு இல்லை. 1640இல் கடற்கரையில் எழுந்த கோட்டைக்கு இங்கிலாந்தின் காவல் புனிதரான ஜார்ஜின் பெயர் சூட்டப்பட்டது. எழும்பூரில் 1821இல் திறக்கப்பட்ட தேவாலயத்துக்கோ ஸ்காட்லாந்தின் காவல் புனிதரான அந்திரேயாவின் பெயர். கம்பெனிப் பணியில் இருந்த ஸ்காட்லாந்தியருக்காக அது கட்டப்பட்டது. அதை இன்றும் 'கிர்க்' என்கிறார்கள். தேவாலயத்துக்கு ஸ்காட்லாந்தில் வழங்கும் சொல் அது. இவ்விரு பெயர்களுக்கும் இடையில்தான் 1707 இணைப்பு இருக்கிறது. அதன் பிறகே இங்கிலாந்தின் பேரரசு வாய்ப்புகள் ஸ்காட்லாந்தியருக்கு அகலத் திறந்தன. ரயத்துவாரி முறையோடு நினைக்கப்படும் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ கிளாஸ்கோவில் பிறந்தவர். தென்னிந்தியச் சுவடிகளைத் திரட்டிய காலின் மெக்கன்சி லூயிஸ் தீவைச் சேர்ந்தவர். ஒப்பிலக்கணம் எழுதிய ராபர்ட் கால்டுவெல் 1814இல் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கவுண்டியில் ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்து, கிளாஸ்கோவில் படித்தவர். 'வெள்ளைக்காரன்' என்றும் 'ஆங்கிலேயர்' என்றும் நம் நூல்கள் ஒரே சொல்லில் அடக்கிவிட்டவர்களில் பலர் ஆங்கிலேயர் அல்லர்.

அயர்லாந்து

12ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில மன்னரின் கை அயர்லாந்தில் பதிந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடக்கே உள்ள அல்ஸ்டர் பகுதியில் கத்தோலிக்க ஐரிஷ்காரரின் நிலங்கள் பறிக்கப்பட்டு, ஸ்காட்லாந்து, இங்கிலாந்துப் புராட்டஸ்டண்டுகள் குடியேற்றப்பட்டனர். பின்னாளைய பிளவின் வேர் இதுவே.

1798 கிளர்ச்சி அடக்கப்பட்ட பின், 1801 சனவரி 1 அன்று அயர்லாந்து இணைக்கப்பட்டது. 'ஐக்கிய இராச்சியம்' என்பது அரசின் அதிகாரப்பூர்வப் பெயராக நிலைபெற்றது அப்போதுதான். இணைந்தால் கத்தோலிக்கருக்கு அரசியல் உரிமை கிடைக்கும் என்ற நம்பிக்கை ஊட்டப்பட்டது. மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மறுத்ததால் கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமர 1829 வரை காத்திருக்க நேர்ந்தது. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். அதே அளவினர் நாட்டைவிட்டே வெளியேறினர். அந்த ஆண்டுகளிலும் அயர்லாந்திலிருந்து தானியமும் கால்நடைகளும் ஏற்றுமதியாயின. ஒரே அரசு, ஒரே குடிமக்கள் என்ற பேச்சை ஐரிஷ் மக்கள் அதன்பின் நம்பவில்லை.

1916 எழுச்சி, 1919 முதல் 1921 வரையிலான விடுதலைப் போர் ஆகியவற்றின் முடிவில் தீவு பிரிக்கப்பட்டது. 26 கவுண்டிகள் 1922இல் தன்னாட்சி பெற்று, 1949இல் முழுக் குடியரசாயின. புராட்டஸ்டண்டுகள் பெரும்பான்மையாக அமையுமாறு வகுக்கப்பட்ட 6 கவுண்டிகள் வட அயர்லாந்து என்ற பெயரில் ஐக்கிய இராச்சியத்தில் தங்கின. அதற்கேற்ப நாடாளுமன்றத்தின் பெயர் 1927இல் மாற்றப்பட்டது. சிறுபான்மைக் கத்தோலிக்கர் வீட்டு வசதியிலும் வேலையிலும் வாக்குரிமையிலும் பாகுபாட்டுக்கு ஆளாயினர். 1960களின் இறுதியில் வெடித்த மோதல் 30 ஆண்டுகள் நீடித்து 3,500க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. 1998 ஏப்ரல் 10 அன்று பெல்பாஸ்டில் கையெழுத்தான பெரிய வெள்ளி உடன்படிக்கை அதற்கு முடிவு கட்டியது. வட அயர்லாந்து மக்கள் தங்களைப் பிரித்தானியர் என்றோ ஐரிஷ்காரர் என்றோ இரண்டுமாகவோ கொள்ளலாம். இரு நாட்டுக் கடவுச்சீட்டும் பெறலாம். வட அயர்லாந்தை 'நாடு' என்று அழைப்பதைக்கூட அங்குள்ள எல்லோரும் ஏற்பதில்லை.

அதிகாரப் பகிர்வு

1997 பொதுவாக்கெடுப்புகளில் ஸ்காட்லாந்தில் 74.3 விழுக்காட்டினர் தனி நாடாளுமன்றத்துக்கு ஆதரவளித்தனர். வேல்ஸில் சட்டமன்றத்துக்குக் கிடைத்த வெற்றி வெறும் 6,721 வாக்குகளில். இரண்டும் 1999இல் செயல்படத் தொடங்கின. அதே காலத்தில் 1998 உடன்படிக்கைப்படி வட அயர்லாந்துக்கும் சட்டமன்றம் அமைந்தது. கல்வி, மருத்துவம், உள்ளாட்சி போன்றவை இவற்றின் கையில் உள்ளன. இதனால் வாழ்க்கையிலேயே வேறுபாடுகள் தோன்றின. ஸ்காட்லாந்து மாணவர் சொந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தில் முதல் பட்டம் படிக்கக் கட்டணம் செலுத்துவதில்லை. இங்கிலாந்து மாணவர் செலுத்துகிறார். மருத்துவர் எழுதும் மருந்துச் சீட்டுக்கு இங்கிலாந்தில் மட்டுமே கட்டணம் உண்டு. 2020 பெருந்தொற்றின்போது ஊரடங்கு விதிகளைக்கூட நான்கு நாடுகளும் தனித்தனியே வகுத்தன.

இவற்றை இந்திய மாநிலங்களோடு ஒப்பிடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்திய மாநிலங்களின் அதிகாரங்கள் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் எழுதப்பட்டுள்ளன. ஐக்கிய இராச்சியத்தில் அப்படித் தொகுத்து எழுதப்பட்ட ஒரே அரசியலமைப்பு கிடையாது. அதிகாரத்தைக் கொடுத்த லண்டன் நாடாளுமன்றம், சட்டப்படி பார்த்தால், அதை மாற்றவும் முடியும். 'நாடு' என்ற பெயர் பெரிது. அதற்குள்ள சட்டப் பாதுகாப்பு அவ்வளவு பெரிதன்று.

இன்னொரு முரண்: மக்களவையின் 650 இடங்களில் 543 இடங்களைக் கொண்ட இங்கிலாந்துக்குத் தனி நாடாளுமன்றம் கிடையாது. இங்கிலாந்துக்கு மட்டுமான சட்டங்களிலும் ஸ்காட்லாந்து உறுப்பினர்கள் வாக்களிக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் கல்வியைப் பற்றி இங்கிலாந்து உறுப்பினர்கள் வாக்களிக்க முடியாது. ஸ்காட்லாந்து உறுப்பினர் டாம் டேலியெல் 1977இல் எழுப்பிய இந்தக் கேள்விக்கு நிறைவான விடை இன்றும் கிடைக்கவில்லை.

விலகும் வழி

2014 செப்டம்பர் 18 அன்று, லண்டன் அரசின் இசைவோடு ஸ்காட்லாந்தில் விடுதலை பற்றிய பொதுவாக்கெடுப்பு நடந்தது. 55.3 விழுக்காட்டினர் ஐக்கிய இராச்சியத்தில் இருப்பதையே தேர்ந்தனர். இரண்டு ஆண்டுகளில் நிலைமை மாறியது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவது பற்றிய 2016 வாக்கெடுப்பில் இங்கிலாந்தும் வேல்ஸும் விலக வாக்களித்தன. ஸ்காட்லாந்தில் 62 விழுக்காட்டினரும் வட அயர்லாந்தில் 55.8 விழுக்காட்டினரும் நீடிக்க வாக்களித்தனர். எண்ணிக்கை ஒட்டுமொத்தமாகக் கணக்கிடப்பட்டதால் நான்குமே வெளியேறின.

ஸ்காட்லாந்து அரசு மீண்டும் ஒரு வாக்கெடுப்பு கோரியது. லண்டனின் ஒப்புதல் இல்லாமல் அதற்கான சட்டம் இயற்ற ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2022 நவம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் செய்து நுழைந்த நாட்டுக்கு, தானாகத் திறக்கக்கூடிய வெளிக்கதவு இல்லை. மாறாக, இரத்தம் சிந்தி முடிந்த மோதலின் உடன்படிக்கையால் வட அயர்லாந்துக்கு அந்த வழி எழுத்தில் இருக்கிறது. ஒன்றுபட்ட அயர்லாந்தைப் பெரும்பான்மையினர் விரும்புவதாகத் தோன்றினால், அத்துறை அமைச்சர் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். தெற்கிலும் மக்கள் ஒப்பினால் இணைப்பு நிகழும். வேல்ஸுக்கு இத்தகைய விதி எதுவும் இல்லை. இங்கிலாந்துக்கோ அந்தக் கேள்வியைத் தன் பெயரில் எழுப்புவதற்கு ஒரு சட்டமன்றமே கிடையாது.